அரை முகத்து மாப்பிள்ளை

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வாசகர் தாமாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை அவருக்குப் போய்விடும். ஏதோ சில்லறை முட்டாள் என்றும் நினைத்துவிட வேண்டாம். பெண் வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய போட்டோவில், யாரும் வற்புறுத்தாமல், பாதி முகத்தை இருட்டில் ஒளித்து, பக்கத்தில் ஒரு காலி நாற்காலியையும் நிறுத்தி, மொத்தத்துக்கும் நீலச் சாயம் பூசச் சொன்னவன் நான். அதற்குக் கலை என்று பெயரும் வைத்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். விழுப்புரம் ஜங்ஷனில் நான் பார்சல் குமாஸ்தா. கருவாட்டுக் கூடைக்கும் வெற்றிலைக் கட்டுக்கும் எடை போட்டு ரசீது கிழிப்பது உத்தியோகம். மூக்கு மட்டும்தான் அங்கே வேலை பார்த்தது. மனசு வளவனூர் போகிற ரோட்டோரத்தில் கூடாரம் அடித்திருந்த டூரிங் டாக்கீஸில், மணல் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அந்தக் காலத்துப் படங்களில் ஓர் ஆசாமியின் மனநிலை என்ன என்பதை அவர் முகம் சொல்லாது. முகத்தில் அப்பியிருந்த மாவு அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். கதாநாயகன் சந்தோஷமாக இருந்தால் எட்டுத் திசையிலிருந்தும் விளக்கைப் போடுவார்கள். நிழலே விழாது. பேய்க்குத்தான் நிழல் விழாது என்பார்கள். எங்கள் கதாநாயகர்களுக்கும் விழவில்லை. துக்கம் வந்தால் ஒரு பக்கத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். கன்னத்தில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம். கெட்டவனுக்குக் கீழேயிருந்து வெளிச்சம். புருவத்தின் நிழல் நெற்றியில் ஏறி நிற்கும். அந்த மனுஷன் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட வெளிச்சம் கீழேயிருந்துதான் வரும்.

ஆளை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதிலும் ஒரு சட்டம் உண்டு. காதல் என்றால் முகம் மட்டும், பூசணிக்காய் மாதிரி, திரை முழுக்க. கைவிடப்பட்டவள் என்றால் ஒரு பெரிய மண்டபத்தின் மூலையில் சுண்டைக்காய் மாதிரி நிற்பாள். மீதி இடமெல்லாம் காலி. நடுவில் ஒரு தூண். அவள் கைவிடப்பட்டாள் என்று நமக்குத் தெரிந்துவிடும். தூணுக்கும் தெரிந்துவிடும். டைரக்டருக்கு மட்டும் நம் மூளை மேல் நம்பிக்கை இருக்காது. அதனால் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கை அணையவிடுவார். அப்படியும் சந்தேகம் தீராமல், அவளைப் பாடவும் விடுவார். அந்தப் பாட்டு முடிவதற்குள் கைவிட்டவன் மனம் மாறித் திரும்பியே வந்திருக்கலாம். அவ்வளவு நீளம்.

வர்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் கறுப்பு வெள்ளைதான். ஆனால் எங்கள் கூடாரத்து ஆபரேட்டருக்குத் தானும் ஒரு கலைஞன் என்ற நினைப்பு. வர்ணக் கண்ணாடிக் காகிதம் கொஞ்சம் வைத்திருந்தார். பாட்டு வந்தால் மெஷின் முன்னால் நீலம், சண்டை வந்தால் சிவப்பு, சாமி வந்தால் மஞ்சள். “நான் கலர் காட்டலேன்னா இந்தப் படத்துல இன்னா இருக்குது? எல்லாம் சாம்பல்” என்பார். ஒருநாள் நிலாப் பாட்டுக்கு நீலத்தை மாட்டிவிட்டு பீடி பிடிக்க வெளியே போனவர், யாரோடோ பேச்சில் மாட்டிக்கொண்டார். பாட்டு முடிந்து ராஜசபை வந்தது. ராஜா நீலம், சிம்மாசனம் நீலம். நான் சும்மா இருப்பேனா? பக்கத்தில் மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) உரித்துத் தின்றுகொண்டிருந்தவரிடம் திரும்பி, “ராஜாவுக்கு உள்ளுக்குள்ள துக்கம். அதான் நீலம்” என்றேன்.

“மந்திரியும் நீலமா கீறாரே?”

“அவருக்கும் துக்கந்தான்.”

“குதிரைக்கு?”

கொஞ்சம் யோசித்தேன். பின்வாங்குவது என் வழக்கமில்லை. “குதிரைக்கும்” என்றேன்.

அவர் தோலைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். “ஊரே எழவு வூடா கீதுன்னா நான் இன்னாத்துக்குய்யா காசு குடுத்து ஒக்காந்துக்கினு இருக்கறேன்? நீயே பாத்துக்க.”

இப்படிப்பட்ட நிபுணனுக்குத்தான் கல்யாண ஆசை வந்தது.

திண்டிவனம் ஸ்டேஷன் குமாஸ்தா லீவில் போனதால் என்னைக் கொஞ்ச நாளைக்கு அங்கே அனுப்பியிருந்தார்கள். பட்டணத்திலிருந்து மரக்கூட்டில் ஒரு தையல் மெஷின் வந்தது. எடுத்துப்போக ஒரு பெரியவர் வந்தார். முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுகிறவர். கூடவே அவர் மகள். பெரியவர் பேனாவை எடுத்ததும் அவள், “இருங்கப்பா. கூட்டுல எங்கியாச்சும் அடி பட்டிருக்குதான்னு பாத்துட்டு அப்பறம் கையெழுத்து போடுங்க” என்று சொல்லிவிட்டு, மரக்கூட்டை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தாள்.

நடு வெயில் அவள்மேல் நேராக விழுந்தது. எந்த டைரக்டரும் அப்படி ஒரு வெளிச்சத்தை வைக்க மாட்டார். பாதி இருட்டு இல்லை, நீலம் இல்லை, தூண் இல்லை. ஒருபுறம் தையல் மெஷின், மறுபுறம் கருவாட்டுக் கூடை. அப்படியும் அவள் மனசில் என்ன இருக்கிறது என்பது அச்சடித்த மாதிரி முகத்தில் தெரிந்தது: இந்தக் குமாஸ்தாவை நம்புவதற்கில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பி வலைக்கு உள்ளே நான் இருட்டில் இருந்தேன். மை படிந்த ஒரு கை மட்டும் வெளியே வந்து ரசீதைக் கொடுத்திருக்கும்.

அந்த வெயிலிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டிருக்கலாம். நான் கற்றுக்கொண்டது, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்பது மட்டும்.

அம்மாவை நச்சரித்துச் சொந்தக்காரர் ஒருவர் மூலமாகக் கேட்டனுப்பினோம். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் கெடார் பக்கத்திலிருந்து நிலம், கிணறு எல்லாம் உள்ள ஒரு வரனும் வந்திருப்பதாகவும், இரண்டு மாப்பிள்ளைகளின் போட்டோவையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் பதில் வந்தது. எனக்கு நிலமில்லை. கிணறு இல்லை. கலை இருந்தது.

விழுப்புரம் கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கண்ணாடிக் கூரை, அதன் கீழே இழுத்து விடுகிற வெள்ளைத் திரைகள். பின்னால் ஒரு அரண்மனைப் படிக்கட்டும் ஏரியும் வரைந்த துணி. ஏரியில் அன்னம் ஒன்று, வயிற்று வலி வந்த வாத்து மாதிரி. அந்த ஊரில் கல்யாணம் ஆன எல்லோரும் அந்த வாத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான்.

“மாப்ள படமா சார்? ரெண்டு கண்ணு, ரெண்டு காது, பத்து வெரலு. பொண்ணு வூட்ல எண்ணிப் பாப்பாங்க. கைய முட்டி மேல விரிச்சு வச்சிக்கினு நேராப் பாருங்க” என்றார் போட்டோக்காரர்.

“அது போலீஸ்காரன் எடுக்கற படம். எனக்கு என் மனசு தெரியணும்.”

“மனசா? அது கண்ணாடி பிளேட்டுல ஏறாது சார்.”

“ஏறும். அந்தப் பக்கத்துத் திரைய இழுங்க.”

இழுத்தார்.

“இன்னும்.”

“இன்னும் இழுத்தா பாதி மூஞ்சி பூடும் சார்.”

“அதான் வேணும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. என் பக்கத்தில் கிடந்த நாற்காலியை எடுக்கப் போனார். தடுத்தேன். நான் படத்தின் ஒரு ஓரமாக, மேலே எங்கேயோ பார்த்தபடி நிற்க வேண்டும், கைகள் பின்னால், நடுவில் அந்தக் காலி நாற்காலி, சுற்றிலும் வெறுமை. யாருக்கோ காத்திருக்கிற ஏக்கம் அதில் தெரிய வேண்டும் என்று விளக்கினேன்.

“யாரு சார் வர்றாங்க?”

“பாக்கறவங்களுக்குப் புரியும்.”

“சரி சார். யுத்தத்துல பிளேட்டு கெடைக்கறதே கஷ்டம். உங்களுக்கு ஒண்ணுதான். அப்பறம் வந்து வேற எடுத்துக் குடுன்னு பேஜாரு பண்ணக் கூடாது” என்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். சிரிப்பதற்காகத்தான் உள்ளே போனார் என்று துணி குலுங்கியதிலிருந்து தெரிந்தது. கடைசியில் நீலச் சாயம் என்றதும், “சாமி படத்துக்குத்தான் சார் நீலம் பூசறது” என்று முனகினார். பூசியும் கொடுத்தார்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, “யார்ரா இது?” என்றாள்.

“நான்தாம்மா.”

“ஒடம்புக்கு ஏதாச்சும் வந்து எங்கிட்ட சொல்லாம இருக்கியா?”

கலை தெரியாத குடும்பத்தில் பிறந்துவிட்டேனே என்று நொந்துகொண்டு, நானே தபாலில் சேர்த்தேன்.

பதில் வரவில்லை. பதிலுக்கு ஓர் ஆள் வந்தார். ஒரு காலை நேரம் பார்சல் ஆபீஸ் வாசலில், தோளில் துண்டும் கையில் மல்லாட்டைப் பையுமாக ஒருவர் நின்றார். திண்டிவனத்தில் மல்லாட்டைத் தரகு செய்கிறவராம். பையை மேஜைமேல் வைத்தாரே தவிர, அனுப்புகிற விலாசம் எதுவும் சொல்லவில்லை. என் இடது பக்கமாக வந்து நின்று, காதருகே ரகசியம் போல, “மணி இன்னா தம்பி?” என்றார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஒரு மல்லாட்டையை என் இடது பக்கத்தில் தரையில் போட்டு, நான் திரும்பிப் பார்க்கிறேனா என்று கவனித்தார். பார்த்தேன்.

“கைய நீட்டு தம்பி, ரேகை பாக்கறேன்.”

நீட்டினேன். ரேகையை அவர் பார்க்கவேயில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கி நிமிர்த்தினார். அடுத்த கையையும் வாங்கி அதே வேலை. பிறகு முகவாயைப் பிடித்துத் திருப்பி, என் இடது கன்னத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான் கீது” என்று பெருமூச்சு விட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் பொண்ணுக்குத் தாய்மாமன். ஒடச்சுப் பாக்காம மல்லாட்டைக்கே வெல சொல்ல மாட்டேன். தப்பா நெனச்சிக்காத. ஒரு சேதி மட்டும் ஒளிக்காம சொல்லு. மொத சம்சாரம் எப்பிடித் தவறிப்போச்சு?”

“எந்த சம்சாரம்?”

“அதான் தம்பி, நாற்காலில ஒக்காந்துகினு இருந்த அம்மா. போட்டோக்காரன வச்சு சொரண்டி எடுத்துட்டு அனுப்பிருக்கிறியே.”

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. ஸ்டூல் அவரிடம் இருந்தது. நின்றுகொண்டே ஏக்கத்தைப் பற்றியும், ஆள் ஓரமாக நின்று பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் அதன் அர்த்தம் என்ன என்பதைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஏக்கம்னா நீ ஏங்கு. நாற்காலி இன்னாத்துக்கு?”

“அது வந்து...”

“ஒடம்பு ஏன் நீலமா கீது? பாம்பு கடிச்சு பொழச்சவன்னு எங்க அக்கா சொல்லுது. அக்கா ஊட்டுக்காரரு, இல்ல, ஒரு கண்ணு இல்லாதவன், ரெண்டாந்தாரம் தேடறான்னு சொல்றாரு.”

“பொண்ணு என்ன சொல்றாங்க?”

“அது போட்டோவத் தலகீழா கூட வச்சுப் பாத்துட்டுது. ஒண்ணும் சொல்லல.” அவர் எழுந்தார். “கெடார் மாப்ள படம் வந்து கெடக்குது தம்பி. ரெண்டு கண்ணு, ரெண்டு காது, பத்து வெரலு, பக்கத்துல ஒரு எருமகூட நிக்குது. எரும மூஞ்சிகூட முழுசாத் தெரியுது. நான் பாத்தத ஊட்ல சொல்றேன். ஆனா எங்க அக்கா ஊட்டுக்காரரு கோர்ட்டு ஆளு, என் பேச்சுக்கே சாட்சி கேப்பாரு. ஞாயித்துக்கெழம நீயே நேரா வந்து சொல்லிக்க. இல்லாட்டி எருமக்காரனுக்குத்தான் முடியும். ஜல்தியா வா.”

நேராக ஸ்டுடியோவுக்கு ஓடினேன். வேறொரு படம், இரண்டு காதோடு, வாத்தோடு, எப்படியாவது. போட்டோக்காரர் காலிப் பெட்டியைத் திறந்து காட்டினார். பிளேட் தீர்ந்துவிட்டது, எப்போது வருமென்று யுத்தம் நடத்துகிறவர்களைத்தான் கேட்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திண்டிவனம் போனேன். அம்மா வர மறுத்துவிட்டாள், “நீலமா நிக்கத் தெரிஞ்சவனுக்கு நேரா நின்னு பேசத் தெரியாதா?” என்றாள். சின்ன வீடு, ஒரே கூடம். கோர்ட்டுப் பெரியவரும் தாய்மாமனும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலியின்மேல் இரண்டு போட்டோக்கள். எருமை என்னைவிட மிடுக்காக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். உள் அறையிலிருந்து தையல் மெஷின் ஓடுகிற சத்தம். சமையற்கட்டிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு வாசனை.

எனக்கு மோர் வந்தது. “சாப்புடச் சொல்லலையேன்னு நெனைக்காதீங்க” என்றார் பெரியவர். “சம்பந்தம் முடிவாகாம மாப்ள வீட்டுக்காரங்க கை நனைக்கறது எங்க மொறையில இல்ல. எல போட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம் ஆயிடும்.” காலையில் எதுவும் சாப்பிடாமல் ரயிலேறியவனுக்கு அந்த முறைமேல் மரியாதை வரவில்லை.

பெரியவர் என் போட்டோவை எடுத்தார். “இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானா?”

“நான்தாங்க.”

“மீதி எங்க?”

“இருட்டுல இருக்குதுங்க.”

“இருட்டுல ஏன் வச்சீங்க?”

அந்த இடத்தில் நான், “தெரியாம செஞ்சுட்டேன்” என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நாக்கு அப்படி வளையாதே. டாக்கீஸில் மனுஷனுடைய மனசை வெளிச்சம் எப்படிச் சொல்கிறது என்பதை நேரிலேயே காட்டிவிடுகிறேன், ஒரு விளக்கு வேண்டும் என்றேன்.

“பட்டப்பகல்லயா? கெரசின் கண்ட்ரோல்ல அளந்துதானே குடுக்கறாங்க” என்று பெரியவர் நெளிந்தார். ஆனாலும் கோர்ட்டில் சாட்சிக்கு இடம் கொடுத்துப் பழகியவர். எழுந்துபோய் ஒரு தகர விளக்கைக் கொண்டுவந்தார். கண்ணாடி கிடையாது, திரி மட்டும். தெருக்கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். கூடம் இருண்டது. விளக்கை என் வலது கன்னத்துக்கு ஓரமாகப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தேன்.

“இது துக்கம்.”

விளக்கை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்தேன்.

“இது கெட்டவன்.”

“இதுவே நல்லாத்தான் கீது” என்றார் தாய்மாமன்.

தலைக்குமேல் தூக்கினேன். “இது பக்தி.” திரும்பவும் கன்னத்தோரம் கொண்டுவந்து, துக்கம் நன்றாகப் பதியட்டும் என்று வெகு நேரம் அப்படியே பிடித்தேன். பிறகு கூடத்தின் மூலைக்குப் பின்னாலேயே நகர்ந்துபோய் நின்றேன். “இப்பப் பாருங்க. எடம் பெருசு, ஆளு சிறுசு. சுத்தி ஒண்ணும் இல்ல. இதான் தனிமை.”

“பின்னாடி நெல்லு மூட்ட இருக்குது, பாத்து” என்றார் பெரியவர்.

பார்க்கவில்லை. தனிமை மூட்டைமேல் சாய்ந்து, விளக்கை அணையாமல் காப்பாற்றி, எழுந்து நின்றது. உள்ளே தையல் மெஷின் ஓட்டம் நின்றிருந்தது. கதவிடுக்கில் யாரோ பார்ப்பது தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். விளக்கைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டேன்:

“உங்களுக்காவது புரியுதா? இப்ப என் மூஞ்சில என்ன தெரியுது?”

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணிடம் அப்படி நேராகப் பேசுகிற வழக்கம் அன்று இல்லை. பெரியவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். “தம்பி!” என்றார் தாய்மாமன். அந்தக் குரலில் எருமைக்காரன் ஜெயித்துவிட்டது தெரிந்தது.

கதவு திறந்தது. அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். வெயில் உள்ளே கொட்டியது. அப்புறம் திரும்பிப் பார்த்தாள். தாய்மாமனும் பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோர்ட்டுப் பெரியவரின் மீசை துடித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கன்னத்தைத் தடவினேன். கை கறுப்பாக வந்தது. வெளிச்சம் விழ வேண்டும் என்று நான் பாடுபட்ட பக்கம் முழுவதும் மூக்கிலிருந்து காது வரை கரிப்புகை. போட்டோவில் இருந்த அரை முகத்தை நேரிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அவள் முக்காலியிலிருந்த என் படத்தை எடுத்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எருமைப் படத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

“இதுல நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. கூட வாழப் போறவ நீ. நீயே சொல்லும்மா” என்றார் பெரியவர், மீசையை அடக்கிக்கொண்டு.

அவள் படத்தை முக்காலியில் வைத்துவிட்டு ஜன்னலோரம், அதே நேர் வெயிலில் நின்றாள். ஸ்டேஷனில் அச்சுப் போலப் படித்த முகம். இப்போது ஓர் எழுத்தும் எனக்குப் படிக்க வரவில்லை. நிலம் உள்ளவனிடம், கிணறு உள்ளவனிடம், முழு முகம் உள்ளவனிடம் தோற்றுவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. விளக்கை ஊதி அணைத்து, முக்காலியில் வைத்தேன். இவ்வளவு கலையும் போதும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தோன்றியது.

“அப்ப நான் கெளம்பலாங்களா?” என்று அவளிடமே கேட்டேன்.

“மூஞ்சியக் கழுவிக்கினு சாப்புட வாங்க.”